மாஸ்க் போட்டா மூஞ்சி அரிக்குதா? எங்க ஊரு ஆளுங்க கேட்ட கேள்வியும் பதிலும்

நான் மலேசியாவுல, பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் டவுன்ல ஒரு மருந்துக்கடை கவுண்டர்ல நிக்கிறவ. அப்பா அம்மா ரெண்டு பேரும் ரப்பர் தோட்டத்துல பால் வெட்டினவங்க, நான் வளந்தது லயத்து வீட்டுல. 2020 ஆகஸ்ட் 1-ஆம் தேதி மாஸ்க் கட்டாயம்னு வந்துச்சே, அன்னையிலேர்ந்து இன்னிக்கு வரைக்கும் யாராச்சும் ஒருத்தர் கடைக்குள்ள வந்து மாஸ்க்கை தாடைக்கு இறக்கி "இங்க பாரும்மா எப்படி ஆயிருச்சு"ன்னு கன்னத்தைக் காட்டாத வாரமே இல்ல. 2022 செப்டம்பர்ல கட்டாயத்தைத் தளர்த்திட்டாங்க, ஆனா செம்பனைக்கு மருந்தடிக்கிறவங்க, உரம் போடுறவங்க, கிளினிக்ல வேலை செய்ற மிஸ்ஸிங்க (நர்ஸுங்க), வீட்டுல டிபி (காசநோய்) ஆளை வச்சுப் பாத்துக்கிறவங்க, இவங்களுக்கெல்லாம் மாஸ்க் இன்னும் வேணும். புகைமூட்டம் வந்துச்சுன்னா ஊருக்கே வேணும், 2015-லயும் 2019-லயும் பட்டது மறந்திருக்காது. அதனால எல்லாரும் கேட்டதை எழுதி வச்சு, எங்க பார்மசிஸ்ட் எனக்குச் சொல்லிக் கொடுத்ததையும் சேத்து இங்க போடுறேன். நான் டாக்டர் இல்ல, சந்தேகமா இருந்தா கிளினிக்தான் போகணும்.

மாஸ்க் போட்டா அரிக்குது. இது அலர்ஜிதானே?

பெரும்பாலும் இல்ல. நம்ம ஊரு வெயில்ல மாஸ்க்குக்குள்ள மூச்சு, வேர்வை, ஈரம் எல்லாம் சேந்து தோல் ஊறிப் போயி, அது மேல துணி உரசி உரசி எரியுது. இது தோல் எரிச்சல். யாருக்கு வேணாலும் வரலாம், மாஸ்க்கைக் கழட்டி மூஞ்சியைக் கழுவி ரெண்டு நாள் விட்டா அடங்கிடும்.

அலர்ஜிங்கிறது வேற. மாஸ்க்ல இருக்கிற ஏதோ ஒரு பொருளை நம்ம உடம்பு எதிரியா நெனச்சுக்கிட்டு சண்டைக்குப் போறது. அதுல ரெண்டு வகை இருக்கு. ஒண்ணு போட்ட சில நிமிஷத்துல தடிச்சு வீங்குறது. இன்னொண்ணு மெதுவா வர்றது, இன்னிக்குப் போட்டா நாளைக்கோ நாளன்னைக்கோதான் செவந்து அரிச்சு, சின்னச் சின்ன நீர்க்கொப்புளம் வந்து, அப்புறம் தோல் உரியும். இந்த ரெண்டாவதுதான் ஆளுங்களை ரொம்பக் குழப்புது. திங்கக்கிழமை போட்ட மாஸ்க்குக்குப் புதன்கிழமை அரிச்சா யாருக்கு மாஸ்க் ஞாபகம் வரும், முந்தின ராத்திரி சாப்பிட்ட கருவாட்டையும் நண்டையும்தான் திட்டுவாங்க.

அதனாலதான் யாரு வந்தாலும், க்ரீம் கேக்கிறதுக்கு முன்னாடி, எந்த இடத்துல வந்துச்சு, மாஸ்க் போட்டு எத்தனை நேரம் கழிச்சு வந்துச்சுன்னு நான் கேக்கிறேன். இந்த ரெண்டும் தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

எந்த இடத்துல வந்தா எது காரணம்?

ஒரு தடவை ஒரு அக்கா வந்தாங்க, உரம் போடுற வேலை. காதுக்குப் பின்னாடி முடியை ஒதுக்கிக் காட்டினாங்க, காது மடலை ஒட்டி பென்சில்ல கோடு போட்ட மாதிரி செவப்பா ஒரு வரி, அது அப்படியே கன்னத்து ஓரம் வரைக்கும் எறங்குது, ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி. மூக்கு, வாய், தாடை எல்லாம் சுத்தமா இருக்கு. அவங்க மூஞ்சிக்குப் போடுற கிரீமை மாத்தி மாத்திப் பாத்துக்கிட்டிருந்தாங்க. எங்க பார்மசிஸ்ட் அதே டப்பாவிலேர்ந்து ஒரு புது மாஸ்க்கை எடுத்து கவுண்டர் மேல வச்சு கத்திரியால வெட்டி விரிச்சாரு. மூணு அடுக்கு, வெளியே ஒண்ணு உள்ளே ஒண்ணு, நடுவுல பஞ்சு மாதிரி மெல்லிசா ஒண்ணு, மூணும் பாலிப்ரொப்பிலீன்னு ஒரு வகை பிளாஸ்டிக். மேல் ஓரத்துல வளையற கம்பி. ரெண்டு பக்கமும் எலாஸ்டிக். "இதுல எது எங்க படுதோ அங்கதான்மா கோளாறு"ன்னு அவரு சொன்னது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கு.

காதுக்குப் பின்னாடியும் கன்னத்துல வார் போற வழியிலயும் வந்தா எலாஸ்டிக் மேல சந்தேகப்படுங்க. ரப்பர் கலந்த எலாஸ்டிக்ல, ரப்பரைச் சீக்கிரம் பதமாக்க ஃபேக்டரியில தையூரம், கார்பமேட், மெர்காப்டோபென்சோதையசோல்னு சில கெமிக்கல் போடுவாங்க, மெதுவா வர்ற ரப்பர் அலர்ஜி முக்காவாசி இதுங்களாலதான். மூக்குத் தண்டு மேல மட்டும் வந்தா கம்பி, இல்ல அங்க ஒட்டியிருக்கிற ஸ்பாஞ்சும் அதோட பசையும். மாஸ்க் மூடுற இடம் முழுக்க, கன்னம் தாடை எல்லாம் வந்தா, துணியில இருக்கிற பார்மால்டிஹைட் மாதிரி பதப்படுத்துற கெமிக்கலா இருக்கலாம், துணி மாஸ்க்குன்னா சாயமோ சோப்புத்தூளோ இருக்கலாம், இல்ல வெறும் வேர்வை எரிச்சலாவும் இருக்கலாம். பல ஆளுங்களுக்கு ஒண்ணுக்கு மேல ஒண்ணு சேந்திருக்கும், எரிஞ்சு தோல் பிஞ்சு கிடந்தா அலர்ஜிப் பொருள் உள்ள போறது இன்னும் சுலபம்.

அந்த அக்காவுக்குத் தலைக்குப் பின்னாடி துணி நாடாவால முடிச்சுப் போடுற மாதிரி மாஸ்க் மாத்திக் கொடுத்தோம். ரெண்டு வாரத்துல கோடு மறஞ்சு போச்சு.

ரெண்டு வருஷமா அதே மாஸ்க்தான் போடுறேன், இப்ப மட்டும் எப்படி?

அலர்ஜி முதல் நாளே வர்ற சமாச்சாரம் இல்ல. உடம்பு அந்தப் பொருளைத் திரும்பத் திரும்பப் பாத்து ஒரு நாள் போதும்னு முடிவெடுக்கும், அது மாசக் கணக்காவும் ஆகலாம் வருஷக் கணக்காவும் ஆகலாம். ஒரு தடவை அப்படி ஆயிட்டா அப்புறம் அந்தப் பொருள் கொஞ்சம் பட்டாலும் வரும், பெரும்பாலும் ஆயுசுக்கும் இருக்கும். இன்னொண்ணும் பாத்துக்குங்க, டப்பா அதேதான் ஆனா உள்ள இருக்கிற எலாஸ்டிக்கை கம்பெனி மாத்தியிருக்கலாம். புதுசா சோப்புத்தூள், முகத்துக்கு புது சன்ஸ்கிரீன், எதாச்சும் மாத்தினீங்களான்னும் யோசிச்சுப் பாருங்க.

நான் முப்பது வருஷம் பால் மரம் வெட்டினவ. எனக்குப் போயி ரப்பர் அலர்ஜியா?

இதைக் கேட்டது வேற யாரும் இல்ல, எங்கம்மா. விடிகாலை நாலு மணிக்கு எந்திரிச்சு, தலையில விளக்கைக் கட்டிக்கிட்டு, உளியைத் தூக்கிட்டுப் போயி, மங்குல சேந்த பாலை வாளியில ஊத்தி ஊத்தி கையெல்லாம் பாலு காஞ்சு தோலு மாதிரி உரியுற வாழ்க்கை. அப்பெல்லாம் ஒண்ணும் ஆகாத உடம்புக்கு இப்ப மாஸ்க் வார் பட்டா அரிக்குதுன்னா நம்ப முடியாதுதான்.

ஆனா ரெண்டையும் பிரிச்சுப் பாக்கணும். மரத்துப் பாலுல இருக்கிறது புரோட்டீன். சில பேருக்கு அந்தப் புரோட்டீன்தான் ஆகாது, அதுதான் போட்ட உடனே தடிக்கிற, வீங்குற வகை. பலூன், ரப்பர் கிளவ்ஸ் மாதிரி பாலை அப்படியே அச்சுல தோய்ச்சு எடுக்கிற சாமான்ல அந்தப் புரோட்டீன் நிறைய தங்கும். அதுலயும் பவுடர் போட்ட கிளவ்ஸ் மோசம், பவுடரோட ஒட்டிக்கிட்டு காத்துல பறந்து மூச்சுக்குள்ளயே போகும், அமெரிக்காவுல மருத்துவத்துக்குப் பவுடர் கிளவ்ஸே கூடாதுன்னு 2017-ல தடை போட்டுட்டாங்க. மேல சொன்ன தையூரம் கார்பமேட் எல்லாம் மரத்துல கிடையாது, ஃபேக்டரியிலதான் சேக்குறாங்க. எங்கம்மா முப்பது வருஷம் தொட்டது மரத்துப் பால், அந்தக் கெமிக்கலை அவங்க தோல் பாத்தது கிளவ்ஸும் மாஸ்க்கும் வந்த பிறகுதான். அவங்களுக்கு அரிப்பு வந்தது ரெண்டாம் நாள்ல, அதனால டாக்டர் இது கெமிக்கல் வகையா இருக்கும்னாரு.

பால் புரோட்டீன் ஆகாத ஆளுங்களுக்குச் சில பழமும் ஆகாம இருக்கலாம், வாழைப்பழம், பப்பாளி, அவகாடோ, கிவி. வாழைப்பழம் சாப்பிட்டா வாய் ஓரம் நமநமன்னு அரிக்குது, பலூன் ஊதினா உதடு தடிக்குது, பல் டாக்டர் கிளவ்ஸ் போட்டு வாயைத் தொட்டா வீங்குது, இப்படி ஏதாச்சும் இருந்தா டாக்டர்கிட்ட மறக்காம சொல்லுங்க, ஆபரேஷனுக்கு முன்னாடி கட்டாயம் சொல்லணும்.

டப்பாவுல லேட்டக்ஸ் (அந்த மரத்துப் பால்) இல்லைன்னு போட்டிருந்தா புரோட்டீன் வகைக்கு அது போதும். கெமிக்கல் வகைக்கு அது உத்தரவாதம் இல்ல, ஏன்னா செயற்கை ரப்பர்லயும் அதே கெமிக்கல் போடுறாங்க. அதனால ரப்பரே இல்லாத துணி நாடா மாஸ்க்தான் நிம்மதி.

எப்ப ஓடணும் ஆஸ்பத்திரிக்கு?

உதடு, கண் இமை, நாக்கு வீங்கினா, தொண்டை அடைக்கிற மாதிரி இருந்தா, குரல் கம்மினா, மூச்சு விடுறப்ப விசில் சத்தம் வந்தா, உடம்பு பூரா தடிச்சுக்கிட்டு தலை சுத்தி வாந்தி வந்தா, அது வெறும் அரிப்பு இல்ல. உடனே மாஸ்க்கைக் கழட்டிட்டு 999 அடிங்க. மயக்கமா இருந்தா மல்லாக்கப் படுக்க வச்சு காலைத் தூக்கி வைங்க, மூச்சுத் திணறுனா உக்கார வைங்க, எந்திரிச்சு நடக்க விடாதீங்க. காப்பித்தண்ணி, சுடுதண்ணி, மாத்திரை எதையும் வாயில ஊத்தாதீங்க. அதுக்கு மருந்து தொடையில போடுற அட்ரினலின் ஊசி மட்டும்தான். தோட்டத்துல உள்ள வேலை செய்றப்ப நடந்தா ஆம்புலன்ஸ் வழி கண்டுபிடிக்கிறதே கஷ்டம், யாராச்சும் ஒருத்தர் மெயின் ரோட்டுல வந்து நிக்கணும்.

மாஸ்க்கால இப்படி ஆகுறது ரொம்ப அபூர்வம். ஆனாலும் தெரிஞ்சு வச்சுக்கணும்.

கவரிங் தோடு போட்டா காது புண்ணாகும் எனக்கு. மாஸ்க்கும் ஆகாதா?

நல்ல கேள்வி, நானே எல்லார்கிட்டயும் இதைக் கேப்பேன். கவரிங் தோடு, பெல்ட்டு பக்கிள், ஜீன்ஸ் பட்டன் பட்ட இடம் அரிக்கிறவங்களுக்குப் பெரும்பாலும் நிக்கல் ஆகாது. மூக்குக் கம்பியில நிக்கல் இருந்து, அது மாஸ்க் அடுக்கைத் தாண்டி வெளிய வந்துச்சுன்னா மூக்குத் தண்டு புண்ணாகும், வேர்வை பட்டா இன்னும் சீக்கிரம். கம்பிக்குப் பதிலா பிளாஸ்டிக் பட்டை வச்ச மாஸ்க் இருக்கு, கேட்டு வாங்குங்க.

அதே மாதிரி தலைச் சாயம் அடிச்சா மண்டை வீங்குறவங்க கறுப்பு, கருநீலத் துணி மாஸ்க்கைத் தவிர்க்கிறது நல்லது. அந்தச் சாயத்துக்கும் சில துணிச் சாயத்துக்கும் உறவு உண்டு.

அப்ப வெள்ளைப் பருத்தித் துணியில தச்சுப் போட்டுக்கவா?

தோலுக்கு அதுதான் சுகம். பசார் மாலாம்ல (ராத்திரிச் சந்தையில) வாங்கினாலும் வீட்டுல தச்சாலும் போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை துவைங்க. வாசனை இல்லாத சோப்புத்தூள் கொஞ்சமா போட்டு, ரெண்டு மூணு தடவை நல்ல தண்ணியில அலசி, வெயில்ல காயப் போடுங்க. துணிக்குப் போடுற வாசனைத் தண்ணி எல்லாம் மாஸ்க்குக்கு வேண்டாம், அதுல இருக்கிற சென்ட்தான் பல பேரு கன்னத்தைக் கெடுக்குது. பிளீச்ல ஊறவைக்காதீங்க.

ஆனா ஒண்ணு, டிபி ஆளுகிட்ட போறவங்களுக்கும் புகைமூட்டத்துக்கும் துணி மாஸ்க் பத்தாது, அதுக்கு என்95 மாதிரி மூஞ்சியோட ஒட்டி நிக்கிறது வேணும். அதுக்குள்ள டிஷ்யூ, கைக்குட்டை மடிச்சு வச்சீங்கன்னா ஓரம் தூக்கிக்கும், போட்டும் போடாத மாதிரிதான். சாதாரண மூணு அடுக்கு மாஸ்க்குக்கு உள்ள மெல்லிசா ஒரு பருத்தித் துணி வச்சுக்கலாம், பரவாயில்ல.

மாஸ்க்குக்குள்ள ரெண்டு சொட்டு தைலம் விட்டா மூக்கு நல்லா இருக்கே?

விடாதீங்க. நம்ம ஆளுங்க எல்லாரும் பண்றது இது, பால் ஸ்டோர் நாத்தத்துக்கும் உர நாத்தத்துக்கும் தைலம்தான் துணைன்னு எங்கப்பாவும் பண்ணுவாரு. மெந்தாலும் கற்பூரமும் திறந்த தோல்ல காத்தோட பறந்துடும், மாஸ்க்குக்குள்ள பறக்க வழி இல்ல, ஈரத்தோட சேந்து மணிக்கணக்கா கன்னத்துல உக்காந்து எரிச்சிடும். பவுடரும் அப்படித்தான், வேர்வையில கட்டி கட்டியா ஆகி உரசும்.

புல்லுக்கு மருந்தடிக்கிற வேலை. மூஞ்சி எரியுது, மாஸ்க்காலயா மருந்தாலயா?

பெரும்பாலும் மருந்தாலதான் இருக்கும், இதை நான் ரொம்ப கவலையோட எழுதுறேன். பாராகுவாட்ங்கிற களைக்கொல்லி 2020 ஜனவரியிலேர்ந்து நம்ம நாட்டுல தடை, ஆனா மத்த மருந்தும் தோலையும் கண்ணையும் எரிக்கும். தலைத்துணியையே மூஞ்சியில சுத்திக்கிட்டோ, மூணு அடுக்கு மாஸ்க்கைப் போட்டுக்கிட்டோ அடிச்சீங்கன்னா, தெறிக்கிற மருந்து அதுல ஊறி, ஒத்தடம் குடுத்த மாதிரி மத்தியானம் வரைக்கும் கன்னத்துலயே ஒட்டிக்கிட்டு இருக்கும். நனஞ்ச உடனே கழட்டி மூஞ்சியை நிறைய தண்ணி விட்டுக் கழுவிட்டு வேற போடுங்க, பையில ரெண்டு மூணு கூடுதலா வச்சுக்குங்க. கிளவ்ஸ் கையால மாஸ்க்கை இழுத்து விடுறதும் கூடாது, கையில இருக்கிற மருந்துதான் மூக்குக்குப் போகும்.

மருந்துப் போத்தல்ல எந்த மாதிரி மூக்குமூடி போடணும்னு படம் போட்டிருக்கும், அதைப் பாத்து அதையே கேளுங்க. அதைக் கொடுக்கிறது நிர்வாகத்தோட பொறுப்பு, 1994-ஆம் வருஷத்து வேலையிடப் பாதுகாப்புச் சட்டப்படி அதுக்கு உங்ககிட்ட காசு பிடிக்கக் கூடாது. கொடுத்த மூக்குமூடி ரப்பர் உங்களுக்கு ஆகலைன்னா சிலிக்கான்ல செஞ்சதும் இருக்கு, மண்டோர்கிட்டயோ (மேற்பார்வை பாக்கிறவர்) கிராணிகிட்டயோ (தோட்டத்து கிளார்க்) சொல்லி மாத்திக் கேளுங்க. வேலையால வர்ற தோல் நோய் சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு) கணக்குல வர்ற விஷயம், டாக்டர் சீட்டை எல்லாம் பத்திரமா வச்சுக்குங்க.

என்ன க்ரீம் போடலாம்?

முதல்ல அந்த மாஸ்க்கை நிறுத்தணும், நிறுத்தாம எதைப் போட்டாலும் வீண். வெறும் தண்ணியிலயோ வாசனை இல்லாத மிதமான சோப்புலயோ கழுவி, சாதாரண வாசனையில்லாத மாய்ஸ்சுரைசர் போடுங்க. ரொம்ப அரிச்சா 1% ஹைட்ரோகார்ட்டிசோன், மெல்லிசா, ஒரு அஞ்சாறு நாள், கண்ணு பக்கம் வேண்டாம், அதுவும் பார்மசிஸ்ட்டைக் கேட்டுட்டு.

பக்கத்து வீட்டுக்காரங்க படைக்கு வாங்கின டியூப், ஒரே நாள்ல மூஞ்சியைப் பளபளன்னு ஆக்குற டப்பா, இதெல்லாம் கையால தொடாதீங்க. அதுல பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல் மாதிரி பலமான ஸ்டீராய்டு இருக்கலாம். போட்ட மறுநாளே செவப்பு போயிடும், ஆளுக்குச் சந்தோஷமா இருக்கும், நிறுத்தின உடனே முன்ன விட மோசமா வரும், திரும்பப் போடுவாங்க. மாசக்கணக்கா போட்டு கன்னத்துல ரத்த நரம்பு சிலந்தி வலை மாதிரி தெரியுற பிள்ளைங்களை நான் கவுண்டர்ல பாத்திருக்கேன், 19, 20 வயசுதான் இருக்கும், மனசு ஆறாது. எலுமிச்சம்பழம், பூண்டு தேச்சு விடுறதும் வேண்டாம், மஞ்சளும் புண்ணு மேல வேண்டாம்.

மாத்திரையில, உடனே தடிக்கிற வகைக்கு லோராட்டடின், செட்டிரிசின் நல்லா கேக்கும். ரெண்டாம் நாள் வர்ற வகைக்கு மாத்திரை பெருசா ஒண்ணும் செய்யாது. அந்த மஞ்சள் கலர் குளோர்பெனிரமின் தூக்கம் வரவைக்கும், அதைப் போட்டுட்டு மோட்டார் ஓட்டாதீங்க.

தாடையில பருவா வருது, அதுவும் அலர்ஜியா?

அரிப்பு இல்லாம வெள்ளை முனையோட வந்தா அது பரு, மாஸ்க் அழுத்தி, எண்ணெய்ப்பசை சுரக்கிற முடித் துவாரம் அடைச்சு வர்றது. கனமான மேக்கப் மாஸ்க்குக்குள்ள வேண்டாம்.

ஸ்கூல் பிள்ளை கன்னத்தைச் சொறிஞ்சுக்கிட்டே இருக்கான்?

சைஸைப் பாருங்க முதல்ல, பெரியவங்க மாஸ்க்கைப் போட்டா கண்ணு வரைக்கும் ஏறி உரசும். ரெசஸ் நேரத்துல மாத்த ஒண்ணு கொடுத்து அனுப்புங்க. ஏற்கனவே கரப்பான் (எக்ஸிமா) இருக்கிற பிள்ளைங்களுக்கு இன்னும் சீக்கிரம் வரும். ரெண்டு வயசுக்குக் கீழ மாஸ்க்கே கூடாது.

வராம இருக்க தினமும் என்ன பண்றது?

போடுறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி மாய்ஸ்சுரைசர், அது உள்ள இறங்கின பிறகு மாஸ்க். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, இல்ல நனஞ்ச உடனே மாத்துறது. ஆளு இல்லாத திறந்த இடத்துல கொஞ்ச நேரம் கழட்டி தோலுக்குக் காத்து விடுறது. வீட்டுக்கு வந்ததும் தேய்க்காம கழுவி ஒத்தி எடுக்கிறது. புது வகை மாஸ்க் வாங்கினா டப்பாவா வாங்காம ரெண்டு மூணு வாங்கி முதல் நாள் அரை மணி நேரம் போட்டு மூணு நாள் பாருங்க, ஏன் மூணு நாள்னு மேலயே சொன்னேன். மாஸ்க்கையும் சோப்பையும் க்ரீமையும் ஒரே நாள்ல மாத்தாதீங்க, எதால சரியாச்சுன்னு அப்புறம் தெரியாம போயிடும்.

எவ்வளவு பாத்தாலும் திரும்பத் திரும்ப வருது?

அப்ப பேட்ச் டெஸ்ட் பண்ணணும். முதுகுல சின்னச் சின்ன வில்லையில சந்தேகப்படுற பொருளை எல்லாம் வச்சு ஒட்டி விடுவாங்க, ரெண்டு நாள் கழிச்சு எடுத்துப் பாத்துட்டு, மூணாவது இல்ல நாலாவது நாள் இன்னொரு தடவை பாப்பாங்க. அதுவரைக்கும் முதுகு நனையக் கூடாது, வேர்க்கக் கூடாது, அதனால காட்டு வேலைக்கு லீவு எடுத்துத்தான் ஆகணும். இங்க நம்ம கிளினிக் கெசிஹாத்தான்ல (அரசாங்க கிளினிக்) 1 வெள்ளி (ரிங்கிட்) கட்டி டாக்டரைப் பாத்து லெட்டர் வாங்கிட்டா ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி தோல் பிரிவுக்கு அனுப்புவாங்க.

போறப்ப நீங்க போடுற மாஸ்க்ல ஒரு புதுசை டப்பாவோட எடுத்துட்டுப் போங்க, பூசின க்ரீம் எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க, வெக்கப்பட்டு எதையும் மறைக்காதீங்க. அரிப்பு உச்சத்துல இருக்கிறப்ப போன்ல நல்ல வெளிச்சத்துல போட்டோ பிடிச்சு வச்சுக்குங்க, காதுக்குப் பின்னாடியும் சேத்து. அப்பாயின்ட்மென்ட் கிடைச்சு நீங்க போயி நிக்கிற அன்னிக்கு மூஞ்சி சுத்தமா இருக்கும், டாக்டருக்குக் காட்ட அந்தப் போட்டோதான் இருக்கும்.